சினாப்ஸுக்குப் பட்டி பார்த்தவள்

பட்டறையில் அவளுக்குப் பட்டியக்கா என்று பெயர். பட்டி பார்ப்பதுதான் அவள் வேலை. கல்லூரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் உடலுறுப்பு மாதிரிகள் செய்து அனுப்பும் பட்டறை அது. இதயம், சிறுநீரகம், காது, பல்வரிசை, பாதியாய்ப் பிளந்த தலை என்று எதைக் கேட்டாலும் ரெசினில் வார்த்துக் கொடுப்பார்கள். ரெசின் பால்போல் வெளுத்த பிசின். ரப்பர் அச்சில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். குண்டூசி முனையளவு பள்ளம், மயிரிழை விரிசல், மூலையில் ஒரு கிள்ளு குறைவு என்று ஏதாவது ஒரு குறையோடுதான் வார்ப்பு வெளியே வரும். அதையெல்லாம் தேடிக் கண்டுபிடித்து, இளஞ்சிவப்புப் பட்டியை விரல் நுனியால் அழுத்தி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பெயிண்ட் மேசைக்குப் போகும்.

பதினொரு வருடமாக அவள் அதைச் செய்துவந்தாள். அவள் கைபட்ட மாதிரி எதுவும் ஓட்டை என்று திரும்பி வந்ததில்லை. "எறும்போட முழங்காலைக்கூட விடமாட்டா" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் தேய்ப்பாள்.

கண்ணுக்கு இருந்த கூர்மை வாய்க்கு இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா படுக்கையில் விழுந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவளை நிறுத்தினார்கள். அழுதிருக்க வேண்டியவள்தான். அவளுக்கோ, இனி வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பிற்பாடு அந்த நிம்மதியை நினைத்து நிறைய வெட்கப்பட்டாள். படிப்பு நின்ற அதே இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கமும் நின்றுபோயிற்று. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே. கேட்காமல், பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். மாதிரிகளுக்கு ஒட்டுவதற்காக வரும் லேபிள்களைக்கூட ஒன்று விடாமல் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பட்டறையில் வேறு யாரும் அவற்றைப் படித்ததில்லை.

அவளை அங்கே சேர்த்துவிட்டது அண்ணி. அண்ணன் மனைவி. பட்டியக்கா கல்யாணம் என்ற பக்கமே போகாமல் நாற்பதைத் தாண்டியபோதும், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மாடியறையை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்ததும் அண்ணிதான். பட்டறையில் அண்ணி வார்ப்பு மேசையில். ரெசினைக் கலப்பது, அச்சில் ஊற்றுவது, இறுகியதும் உரித்தெடுப்பது அண்ணியின் வேலை. வாய் ஓயாது.

"பாப்பா, உங்கண்ணனுக்கு இதயமே இல்லைன்னு இனிமே சொல்லமாட்டேன். நேத்து ஒரே நாள்ல ஒன்பது ஊத்தியிருக்கேன். ஒண்ணைக் கொண்டுபோய் வெச்சுவிட்டாப் போச்சு."

"வெக்கறதுக்கு உள்ள இடம் இருக்கணுமே!" என்று பெயிண்ட் மேசையிலிருந்து சிரிப்பக்கா குரல் கொடுப்பாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து புது மாதிரி கேட்டு வந்தது. நரம்பு நுனியின் மாதிரி. உண்மையில் கண்ணுக்கே தெரியாத சமாச்சாரத்தைப் கிட்டத்தட்ட லட்சம் மடங்கு பெரிதாக்கி, கைமுஷ்டி அளவுக்குச் செய்ய வேண்டும். மேலே ஒரு நரம்பின் நுனி குமிழ்போல உருண்டிருக்கும். கீழே அடுத்த நரம்புச் செல் தட்டுப்போல விரிந்திருக்கும். இரண்டும் பின்பக்கத்துத் தண்டில் நிற்கும். முப்பத்தாறு வேண்டும் என்றார்கள்.

முதல் வார்ப்பு மேசைக்கு வந்ததும் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குமிழுக்கும் தட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. இரண்டு அட்டை கனம்தான் இருக்கும். வெள்ளை ரெசினில் சட்டென்று தெரியாது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்தது. ரெசின் முழுதாக ஓடவில்லை என்று நினைத்தாள். இரண்டாவதிலும் அதே இடத்தில். மூன்றாவதிலும். லேபிள் கட்டைப் பிரித்துப் படித்தாள். 'சினாப்ஸ்: ஒரு நரம்புச் செல் மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும் இடம்' என்று இருந்தது. பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் பற்றிக்கொள்ளாமல் பிளந்து நிற்கிறது. சந்தேகமே இல்லை, அண்ணிக்குக் கை தவறுகிறது.

அந்த மாதம் முழுதும் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் அண்ணி சரியாகத் தூங்காமல் வந்துகொண்டிருந்தாள். பாவம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். போய்ச் சொன்னால் நாலு பேர் முன்னால் அண்ணிக்குத் தலைகுனிவு. முதலாளியிடம் சொன்னால் கேட்கவே வேண்டாம். சொல்லாமலே விட்டாள். கத்தி முனையில் பட்டியை எடுத்து அந்த இடைவெளியில் திணித்தாள். நுழைய மறுத்த இடத்தில் குச்சியால் குத்தி உள்ளே தள்ளினாள். காய்ந்ததும் மூன்று வகை உப்புத்தாளால் தேய்த்தாள். குமிழும் தட்டும் ஒரே உடம்பாகிவிட்டன. முப்பத்தாறையும் அப்படியே செய்தாள். அண்ணிக்குத் தெரியாமல் அண்ணியைக் காப்பாற்றுகிறோம் என்று அந்த மூன்று வாரமும் மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இப்போது அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுடுவது அந்தச் சந்தோஷம்தான்.

மாதிரிகள் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் முதலாளி ஃபோனைக் கையில் பிடித்தபடியே வார்ப்பு மேசைக்கு வந்தார்.

"நடுவுல இடைவெளியே இல்லையாம். அந்த இடைவெளிதான் பாடமாம். அது இல்லாம இதை வெச்சு என்ன நடத்தறதுன்னு காலேஜ் டீச்சரம்மா கேக்கறாங்க. அச்சுல நாக்கு கிழிஞ்சிருக்கு, நீ பாக்காம ஊத்தியிருக்கே."

அச்சுக்குள் மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அது நிற்கிற இடத்தில் ரெசின் போகாது, இடைவெளி விழும். நாக்கு கிழிந்தால் ரெசின் புகுந்து இடம் அடைபட்டுவிடும். இதெல்லாம் வார்ப்பு மேசைக்காரர்களுக்குத்தான் தெரியும். பட்டி மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. கையிலிருந்த உப்புத்தாள் நழுவி விழுந்தது.

"கிழியலை சார்" என்றாள் அண்ணி. "ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். இடைவெளி இருந்துச்சு."

"இருந்ததுன்னா எங்க போச்சு? புண்ணு ஆறின மாதிரி தானா மூடிக்கிச்சா?"

"அச்சு இருந்தா காட்டிடுவேன்."

அச்சு இல்லை. ஓர் ஆர்டர் முடிந்ததும் பழைய ரப்பர் அச்சைத் துண்டுதுண்டாக நறுக்கி அடுத்த அச்சுக்குள் நிரப்பியாகப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். சினாப்ஸ் அச்சு அதற்குள் ஒரு கல்லீரல் அச்சின் வயிற்றுக்குள் போயிருந்தது.

முதலாளி திரும்பி அவளைப் பார்த்தார். "பட்டியக்கா, உன்கிட்ட வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

பதினோரு பேர் வேலையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"கவனிக்கலை சார்" என்றாள்.

இரண்டே வார்த்தை. ஆனால் எறும்பின் முழங்காலைக்கூட விடாதவள் கவனிக்கவில்லை என்றால், கவனிக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அவளுடைய நல்ல பெயரே அண்ணிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அண்ணி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. குழப்பமாகப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னமோ" என்றாள்.

மறுநாள் அண்ணியைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார்கள். வைக்கோல் காகிதத்தைக் கசக்கி, பெட்டிக்குள் திணித்து, நாடா ஒட்டும் வேலை. அண்ணி அங்கே போயும் இரண்டு நாள் வேடிக்கை பேசிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பேச்சு குறைந்தது. அந்த வாரக் கடைசியில் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்தாள். அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் யாரைச் சோதித்தாலும் கொஞ்சம் வெள்ளெழுத்து இருக்கத்தான் செய்யும். அண்ணிக்கும் இருந்தது.

"பாரு பாப்பா, முதலாளி சொன்னது சரிதான்" என்று கண்ணாடியை மாட்டிக் காட்டினாள். "கண்ணு அவிஞ்சது தெரியாம நான்பாட்டுக்கு ஊத்திக்கிட்டிருந்திருக்கேன். மனுஷங்க காசு கொடுத்து வாங்கற சாமானாச்சே, இன்னும் என்னென்னத்தைக் கெடுத்தேனோ."

அவள் மாடிக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே அண்ணன் ஏதோ கேலி செய்வதும் அண்ணி சிரிப்பதும் கேட்டது. இப்போது போய்ச் சொல்லலாம் என்று எழுந்தாள். சொன்னால் அண்ணி முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தாறையும் திருப்பி அனுப்பி, புதிதாக அச்செடுத்து வார்க்க நேரமில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆள் வந்து அங்கேயே நடுவில் அறுத்துக் கொடுத்தால் போதுமாம். "உன் கைதான் சுத்தம், நீ போ" என்றார் முதலாளி அவளிடம்.

"நானும் வரேன்" என்றாள் அண்ணி. "என் தப்பை நானே அறுக்கறேன்."

ரெசின் வெள்ளை, பட்டி இளஞ்சிவப்பு. ஒரு தடவை பிளேடை இழுத்தால் போதும், விழுகிற தூளின் நிறமே சொல்லிவிடும். அண்ணிக்கு அதைப் படிக்க எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

"வேண்டாம் அண்ணி" என்றாள். "தூசி பறக்கும். உங்களுக்குக் கண்ணு வேற சரியில்ல."

அண்ணி தலையாட்டினாள். "அதுவும் சரிதான்" என்று பொட்டல மேசைக்குத் திரும்பினாள்.

அறியாமல் செய்தது ஒன்று, பயந்து சொன்னது ஒன்று. இது இரண்டிலும் சேராது என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணிக்கு இல்லாத ஒரு குறையை அண்ணிமேலேயே எடுத்து வீசியிருந்தாள், அதுவும் அக்கறை என்ற பெயரில். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகும்போது கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

கல்லூரியில் நீளமான ஓர் ஆய்வுக்கூடத்தின் கடைசி மேசையைக் கொடுத்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியும் ஜன்னலும் பக்கத்தில். முன்பக்கம் வகுப்பு நடக்கும், பரவாயில்லையா என்று கேட்டாள் ஆசிரியை. முப்பது வயதுகூட இருக்காது. பட்டியக்கா தலையசைத்தாள். மேசையில் செய்தித்தாளை விரித்து, முதல் மாதிரியைச் சாய்த்துப் பிடித்து, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை அந்தக் கோட்டில் வைத்து மெல்ல இழுத்தாள். இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. அண்ணி ஊற்றிய ரெசின் ஓர் இடத்தில்கூட அந்த எல்லையைத் தாண்டவில்லை. அவ்வளவு சுத்தமான வார்ப்பு.

முன்னால் வகுப்பு தொடங்கியது. வழக்கம்போல் அவள் கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.

"சினாப்ஸ்னு ஒரு பேரு எங்கிருந்து வந்தது, யாருக்காவது தெரியுமா?" என்றாள் ஆசிரியை.

யாருக்கும் தெரியவில்லை.

"கிரேக்கம். 'சின்'னா சேர்ந்து. அடுத்த பாதி, பற்றுதல், பிடிச்சுக்கறதுங்கற சொல்லிலேருந்து வருது. சேர்த்துப் பிடிச்சுக்கறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியற சமயம், ஒரு பாடப்புத்தகத்துக்காக இந்தப் பேரை வெச்சாங்க. முதல்ல, கட்டுங்கற அர்த்தத்துல வேற ஒரு சொல்லை யோசிச்சிருக்காங்க. கிரேக்கம் படிச்ச ஒரு பேராசிரியர்தான் இந்தச் சொல்லைச் சொன்னாராம். இதிலேருந்து மத்த சொற்களை உண்டாக்கறது சுலபம்னு."

"மேடம்" என்று ஒரு மாணவன் எழுந்தான். "பிடிச்சுக்கறதுன்னு பேரை வெச்சுட்டு நடுவுல இடைவெளின்னு சொல்றீங்க. அதான் பின்னாடி அக்கா ஒட்டுப்போட்டே அனுப்பிட்டாங்க போல."

வகுப்பு சிரித்தது. அவள் காது மடல் வரை சூடேறியது. பிளேடு நின்றது.

ஆசிரியையும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். "பேரு வெச்சப்ப அந்த இடைவெளியை யாரும் பார்த்திருக்கலைப்பா. அன்னிக்கு இருந்த மைக்ராஸ்கோப்புல அது தெரியாது. மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான் அந்த இடைவெளி. நரம்பெல்லாம் ஒரே வலை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்குன்னு ஒரு கட்சி. இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனின்னு ஒரு கட்சி. பேரு வெச்சு அரை நூற்றாண்டுக்கு மேல ஆனப்புறம், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வந்துதான் இடைவெளியைக் கண்ணால பார்த்தாங்க. நாம படிக்கற சினாப்ஸ்ல பெரும்பாலும் ரெண்டும் தொடறதே இல்ல. இங்கேருந்து ஒரு ரசாயனம் கிளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேரணும்."

"அப்ப பேரு தப்புதானே மேடம்?"

"பேரு வெச்சவங்க ஒட்டியிருக்குன்னு அடிச்சுச் சொல்லலை. ரெண்டு செல்லுக்கும் நடுவுல இங்க ஏதோ நடக்குது, சரியா என்னன்னு இன்னும் தெரியலைன்னுதான் எழுதினாங்க. தெரியாததைத் தெரியலைன்னு எழுதினா அது தப்பாகாது."

வகுப்பு முடிந்து மாணவர்கள் போனபின் ஆசிரியை கடைசி மேசைக்கு வந்தாள். பன்னிரண்டு மாதிரிகள் அறுபட்டு வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு. ஆமா, இந்தத் தூளு என்ன வேற நிறமா இருக்கு? உள்ள வெள்ளைதானே?"

அவள் செய்தித்தாளின் ஓரத்தை மடித்தாள். மடித்தும் தூள் மறையவில்லை.

"பட்டி மேடம்."

"பட்டின்னா?"

"ஓட்டை அடைக்கறது."

ஆசிரியை ஒரு கணம் யோசித்தாள். "அப்ப வார்க்கும்போது இடைவெளி இருந்திருக்கு."

"இருந்துச்சு மேடம்."

"அடைச்சது யாரு?"

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. இந்தப் பெண்ணை இனிமேல் அவள் பார்க்கப்போவதும் இல்லை. "நான்தான்" என்று வந்துவிட்டது.

ஆசிரியை கோபப்படவில்லை. "அடடா, லேபிள்ல 'பற்றிக்கொள்ளும் இடம்'னு எழுதிக் கொடுத்தது நான்தானே. சொல்லோட அர்த்தம் பசங்களுக்குத் தெரியட்டும்னு எழுதினேன். அதைப் படிச்சுட்டா அடைச்சீங்க? அப்ப பாதி தப்பு என்மேல." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா உங்க முதலாளி, வார்த்தவங்க தப்பு, அவங்களை மாத்திட்டேன்னு சொன்னாரே. நான் வேணா ஃபோன் பண்ணிச் சொல்லட்டுமா?"

சொல்லட்டும் என்று நினைத்தாள். எவ்வளவு சுலபம். திரும்பிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததுமே, இத்தனை நாளும் இப்படித்தானே யாராவது தன் வாயாக இருக்கட்டும் என்று காத்திருந்தோம் என்று தோன்றியது.

"வேண்டாம் மேடம். நான் சொல்லிடறேன்."

மீதி இருபத்துநாலையும் அறுத்து முடித்துவிட்டுத் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டாள். படித்தவர்களுக்கே ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த இடைவெளி கண்ணில் படவில்லையாம். பெயருக்கே சேர்த்துப் பிடிப்பது என்றுதான் அர்த்தமாம். லேபிளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆசிரியையே பாதி தப்பு தன்னுடையது என்கிறாள். ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. இதற்கு முன் இவ்வளவு நீளமாக எதையும் அவள் பேசத் தயார் செய்ததில்லை.

வீட்டில் அண்ணி சமையலறை மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே ஆரம்பித்தாள். கிரேக்கம், பாடப்புத்தகம், மைக்ராஸ்கோப்பு என்று தயார் செய்த வரிசை தப்பாமல் சொன்னாள். கடைசியில், அந்த இடைவெளியைத் தான்தான் அடைத்தேன் என்பதையும் சொன்னாள். வார்ப்பு சரியாக வரவில்லை, அண்ணிக்குத் திட்டு விழக்கூடாது என்று நினைத்ததையும் சொன்னாள்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடைச்சதை விடு. தெரியாம அடைச்சே. அதுல எனக்கு ஒண்ணுமில்ல." குரல் உயரவில்லை. "அன்னிக்கு முதலாளி கேட்டாரே, கவனிக்கலைன்னு ஏன் சொன்னே?"

அதற்கு மட்டும் அவள் தயார் செய்துகொண்டு வரவில்லை. கிரேக்கத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

"பயமா இருந்துச்சு அண்ணி."

"அன்னிக்குப் பயம். சரி. அப்புறம் பத்து நாளு? ஒரே சட்டியில சாப்பிடறோம். நான் கண்ணாடி வாங்கிட்டு வந்து உன்கிட்டதான் முதல்ல காட்டினேன். இன்னிக்குக் காலையில, உங்களுக்குக் கண்ணு சரியில்ல வராதீங்கன்னியே. அப்பவும் பயமா?"

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"ஊரெல்லாம் என்னைச் சொன்னாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன் பாப்பா. நீ கவனிக்கலைன்னதாலதான் நான் நம்பினேன். என் கண்ணைவிட உன் கண்ணைத்தான் நம்பினேன்."

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அண்ணி கொல்லைப்பக்கம் போனாள். துணிக்கல்லில் துணி அடிக்கும் சத்தம் இரண்டு மணி நேரம் கேட்டது. பிறகு மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு சொன்னாள்: "நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லு. அவர் ரூமுக்குப் போய் இல்ல. அன்னிக்கு எங்க சொன்னியோ அங்க, எல்லாரும் இருக்கறப்ப."

மறுநாள் பட்டறையில் அவள் பட்டி மேசையிலிருந்து எழுந்து நின்றாள். பெயிண்ட் தெளிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நடுவில் நின்று ஒரு மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த இடைவெளியை நான்தான் அடைச்சேன்."

"என்னது? சத்தமாச் சொல்லு."

"நான்தான் அடைச்சேன். அண்ணி சரியாத்தான்…"

"ஒண்ணும் கேக்கலை. யாருப்பா அதை நிறுத்துங்க!"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். அதே நேரத்தில் கம்ப்ரஸர் நின்றது. "அண்ணிமேல தப்பில்ல, நான் பொய் சொன்னேன்!" என்ற கூச்சல் அந்த அமைதியில் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. சிரிப்பக்காவின் முகத்தில்கூடச் சிரிப்பில்லை.

முதலாளி மண்டையோட்டை மெதுவாக மேசையில் வைத்தார். "அடிப்பாவி" என்றார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, இது இப்படித்தான் இருக்கணுமான்னு. அதைக்கூட விடு. நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே."

அவள் நின்றாள். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரியென்று தயாராக வந்திருந்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. பொட்டல மேசைக்குப் போய் அண்ணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அண்ணி கையில் ஒட்டியிருந்த நாடாவைப் பிய்த்து எறிந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வார்ப்பு மேசைக்கு நடந்தாள். கம்ப்ரஸர் மறுபடி ஓடத் தொடங்கியது.

வீட்டில் அதற்குப் பிறகு பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு வைத்தாள் அண்ணி. துணி காய்ந்துவிட்டது எடு என்றாள். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னமோ ரெண்டு பேரும் ஆபீசர் மாதிரி பேசிக்கறீங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கல்லூரியிலிருந்து அதே நரம்பு மாதிரி பதினைந்து கேட்டு வந்தது. புது அச்சு செய்தார்கள். முதல் வார்ப்புக்கு முன் அண்ணி அச்சைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் ஒரு தடவை பார்த்தால் ஊற்றிவிடுவாள். பட்டி மேசையிலிருந்து அவள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா" என்றாள் அண்ணி. பட்டறையில் அந்த இரண்டு வாரத்தில் அப்படிக் கூப்பிடுவது முதல் தடவை. "இங்க வா. இந்த நாக்கு முழுசா இருக்கா, ஓரத்துல கிழிஞ்சிருக்கா, பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அச்சை வாங்கி, நாக்கின் வேரிலிருந்து நுனி வரை பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"முழுசா இருக்கு அண்ணி."

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்துட்டேன் அண்ணி. ஒண்ணும் இல்ல."

அண்ணி தலையாட்டினாள். அச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ரெசின் டப்பாவைத் திறக்கப் போனவள் நின்றாள். பிறகு பெயிண்ட் மேசைப் பக்கம் திரும்பி, "சிரிப்பு, நீயும் கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லேன்" என்று கூப்பிட்டாள்.

சிரிப்பக்கா எழுந்து வந்தாள். அவளுக்கு வெளிச்சம் மறைக்காதபடி பட்டியக்கா ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.